மயக்கும் பாட்டும் விலை கேட்கும் குரலும்



இத்தாலி நாட்டில் ஒரு கடற்கரை ஊர். மாலை நேரம். கதிரவன் கடலுக்குள் இறங்குகிறான். அலைகள் பொன்னாய் மின்னுகின்றன. கரையில் நிற்கும் ஒருவர் தம்மை மறந்து, "கே இன்கான்தோ!" என்கிறார். 'எத்தனை மயக்கும் அழகு!' என்பது அதன் பொருள்.

அதே நாட்டில் ஒரு குடும்பம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் தவிக்கிறது. வழக்கு நீதிமன்றத்திற்குப் போகிறது. வீடு விற்பனைக்கு வருகிறது. அந்த விற்பனையைக் குறிக்கச் சட்ட மொழியில் ஒரு சொல் உண்டு. அதுவும் 'இன்கான்தோ' என்பதே. அங்கே அதற்குப் பொருள் ஏலம்.

ஒரே சொல். ஒரே எழுத்து, ஒரே ஒலிப்பு. ஓரிடத்தில் அது மனத்தை மயக்குகிறது. இன்னோரிடத்தில் வீட்டுக்கு விலை கேட்கிறது. இவ்விரண்டும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன? அதைத் தேடிப் போனால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ரோமாபுரியின் வயல்களையும், வழக்கு மன்றங்களையும், வெனிஸ் நகரத்துக் கப்பல்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அந்தப் பயணம்தான் இன்றைய உரை.

மயக்கம் தொண்டையில் பிறந்தது

முதலில் மயக்கம் என்னும் பொருள் தரும் சொல்லை எடுத்துக் கொள்வோம். இத்தாலிய மொழியின் தாய் இலத்தீன். இலத்தீனில் 'கானெரே' என்றால் பாடுதல். அதிலிருந்து வந்தது 'கான்தாரே'. அதற்கும் பாடுதல் என்றே பொருள். அதன் முன்னால் 'இன்' என்ற முன்னொட்டைச் சேர்த்தால் 'இன்கான்தாரே'. ஒருவர் மீது பாடுதல், ஒன்றினுள் பாடிச் செலுத்துதல் என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். பாட்டை அம்பு போல ஏவுவதுதான் இன்கான்தாரே. அதிலிருந்து பிறந்ததே இத்தாலிய 'இன்கான்தோ'.

கிரேக்க மொழியிலும் இதே கதைதான். மந்திரப் பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'எப்போதே'. 'மேலே பாடப்படும் பாட்டு' என்பதுதான் அதன் நேர்ப்பொருள். வடமொழி 'மந்திரம்' என்ற சொல்லின் வேரோ 'மன்', அதாவது எண்ணுதல். ஒரு மொழி மந்திரத்தை மனத்தில் தேடியது. மற்றொன்று தொண்டையில் தேடியது.

இலத்தீனில் இன்னொரு சொல்லும் உண்டு. 'கார்மென்' என்பது அது. இதுவும் 'கானெரே' குடும்பம்தான் என்பது பொதுவான கருத்து. கார்மென் என்றால் பாட்டு. கார்மென் என்றால் கவிதை. கார்மென் என்றால் வழிபாட்டு வாசகம். கார்மென் என்றால் மந்திரமும்கூட. இவற்றுக்கு இடையே ரோமானியர் வேலி போடவில்லை. ஒழுங்காகக் கட்டி, குரல் கொடுத்துச் சொல்லப்படும் எந்த வாசகமும் அவர்களுக்குக் கார்மென்தான்.

இந்தக் கார்மென்தான் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் 'சார்ம்' ஆனது. இன்கான்தாரே 'என்சான்ட்' ஆனது. பிரான்சில் ஒருவரை முதன்முறையாகச் சந்திக்கும்போது 'ஆன்ஷான்தே' என்று சொல்வார்கள். 'தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று அதற்கு இன்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'மயங்கிப் போனேன்' என்பதே. 2021ஆம் ஆண்டில் வெளிவந்து குழந்தைகள் விரும்பிப் பார்த்த டிஸ்னி படம் ஒன்றின் பெயர் 'என்கான்தோ'. அது இதே சொல்லின் ஸ்பானிய வடிவம்.

அலுவலகத்தில் வேலை செய்வோருக்கு ஒரு வியப்பான செய்தி. சம்பளத்துக்கு மேல் கொடுக்கப்படும் ஊக்கத் தொகையை 'இன்சென்டிவ்' என்கிறார்கள் அல்லவா? அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 'இன்' என்பதும் 'கானெரே' என்பதும் சேர்ந்த இலத்தீன் சொல் ஒன்றின் வழி வந்தது. பாட்டை எடுத்துக் கொடுத்து மற்றவரைச் சேர்ந்து பாட வைப்பது என்பது அதன் பழைய பொருள்.

மயக்குவதற்கு ரோமானியர் வேறு வழிகளும் வைத்திருந்தார்கள். கண்ணால் மயக்குவது, அதாவது கண்ணேறு, 'ஃபாஸ்கினும்' எனப்பட்டது. மருந்தால் மயக்குவது 'வெனேனும்'. மருந்து, நஞ்சு, வசிய மருந்து மூன்றுக்கும் அந்த ஒரே பெயர். ஆக, கண் ஒரு வழி, மருந்து ஒரு வழி, குரல் ஒரு வழி. இம்மூன்றில் குரலுக்கு உரியதே இன்கான்தோ.

நாணலும் வண்டியும்

இந்தப் பாட்டை ரோமானியர் எதற்குப் பயன்படுத்தினார்கள்? பயிரும் உடம்பும் பயணமும் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள்.

கேட்டோ என்ற ரோமானியத் தலைவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உழவு பற்றி ஒரு நூல் எழுதினார். கண்டிப்புக்குப் பேர்போனவர். வீண் செலவு, வீண் பேச்சு எதுவும் பிடிக்காதவர். அந்த நூலில் மூட்டு பிசகினால் என்ன செய்வது என்று ஒரு குறிப்பு இருக்கிறது. நான்கைந்து அடி நீளமுள்ள பச்சை நாணலை நடுவில் பிளக்க வேண்டும். இரண்டு பேர் அதை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் கொள்ள வேண்டும். பிளவுபட்ட இரு பகுதிகளும் ஒன்று சேரும்வரை ஒரு வாசகத்தைப் பாட வேண்டும். பிறகு அந்த நாணலை வெட்டி, அடிபட்ட இடத்தில் வைத்துக் கட்ட வேண்டும். பாட வேண்டிய வாசகத்தையும் கேட்டோ எழுதி வைத்திருக்கிறார். அதன் பொருள் எந்த அறிஞருக்கும் இன்றுவரை பிடிபடவில்லை.

ஜூலியஸ் சீசரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஒருமுறை அவர் சென்ற வண்டி பெரும் விபத்தில் சிக்கியது. அதன் பிறகு, வண்டியில் ஏறி உட்கார்ந்தவுடன் பாதுகாப்பான பயணத்திற்காக ஒரு வாசகத்தை மூன்று முறை சொல்வது அவர் வழக்கமாகிவிட்டதாம். நாடுகளை வென்றவர்தான். வண்டிச் சக்கரத்தை நம்ப அவருக்கும் ஒரு பாட்டு தேவைப்பட்டது.

இதை எழுதி வைத்தவர் பிளினி. கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்தாரே, அதே பிளினி. தமது 'இயற்கை வரலாறு' நூலில் அவர் ஒரு கேள்வியை நேரடியாகக் கேட்கிறார். சொல்லுக்கும் மந்திரத்துக்கும் உண்மையிலேயே ஆற்றல் உண்டா? அவர் தரும் விடை சிந்திக்கத்தக்கது. அறிவுள்ளவர்களைத் தனித்தனியாகக் கேட்டால் இல்லை என்பார்கள். ஆனால் உலகம் மொத்தமாக, தன்னை அறியாமலேயே, எந்த நேரமும் அதை நம்பித்தான் நடந்து கொண்டிருக்கிறது என்கிறார் அவர்.

பாட்டுக்கு எதிராக ஒரு சட்டம்

நம்பிக்கை இருக்கும் இடத்தில் அச்சமும் இருக்கும். பாட்டால் எலும்பு கூடும் என்றால், பாட்டால் எலும்பு முறியவும் கூடும் அல்லவா?

ரோமானியரின் முதல் எழுத்துச் சட்டம் 'பன்னிரண்டு பலகைகள்' எனப்படும். ஏறத்தாழ கி.மு. 450ஆம் ஆண்டில் அது உருவானது. அதில் தீய பாட்டைப் பிறர் மீது ஏவுவோருக்கு எதிராக ஒரு விதி இருந்தது. அடுத்தவர் வயலின் விளைச்சலைப் பாடி இழுத்துக் கொள்வோருக்கு எதிராகவும் ஒரு விதி இருந்தது. பிறருடைய பெயரைக் கெடுக்கும் பாட்டைக் கட்டிப் பாடுவோருக்கு மரண தண்டனை உண்டு என்று அச்சட்டம் சொன்னதாக அறிஞர் சிசரோ குறிப்பிடுகிறார். சூனியப் பாட்டும் அவதூறுப் பாட்டும் அன்று ஏறத்தாழ ஒரே கூண்டில் நின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிசரோ சிறுவனாக இருந்த காலத்தில் பிள்ளைகள் இந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அதைக் கட்டாயமாகப் படிக்க வேண்டிய ஒரு கார்மென் என்றே அவர் குறிப்பிடுகிறார். அதாவது, தீய பாட்டைத் தடுத்த சட்டமே ஒரு பாட்டு போல ஓதப்பட்டது!

மண்வெட்டி சொன்ன சாட்சி

இனி ஒரு வழக்கு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நடந்தது. இதையும் பிளினியே பதிவு செய்திருக்கிறார்.

கிரேசிமுஸ் என்று ஒருவர். முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அவருக்கு இருந்தது சிறு நிலம். அவரைச் சுற்றிலும் பெரிய பெரிய பண்ணைகள். ஆனால் அறுவடை நாளில் பார்த்தால், பெரும் பண்ணைகளில் விளைந்ததைவிட அந்தச் சிறு நிலத்தில் அதிகம் விளைந்திருந்தது. ஒரு முறை அல்ல, தொடர்ந்து. அக்கம்பக்கத்தாருக்கு வயிற்றெரிச்சல். நேற்றுவரை அடிமையாக இருந்தவனுக்கு இத்தனை விளைச்சலா? மாயம் செய்து நம் பயிரையெல்லாம் இழுத்துக் கொள்கிறான் என்று குற்றம் சாட்டினார்கள். வழக்கு மக்கள் மன்றத்துக்கு வந்தது.

வாக்களிப்பில் தமக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிடுமோ என்று கிரேசிமுஸ் அஞ்சினார். பெரிய வழக்குரைஞரை அவர் தேடவில்லை. தம் உழவுக் கருவிகள் அத்தனையையும் மன்றத்துக்குக் கொண்டுவந்து பரப்பினார். நன்றாக அடித்து வார்த்த இரும்புக் கருவிகள். கனமான மண்வெட்டிகள். எடை மிகுந்த கலப்பைக் கொழுக்கள். வயிறு நிறையத் தீனி தின்ற எருதுகள். நன்றாக உண்டு உடுத்து, கட்டுமஸ்தாக இருந்த தம் வீட்டாரையும் பண்ணையாட்களையும் நிறுத்தினார். என் மாய வித்தைகள் இவைதாம் என்றார். இரவு பகல் பாராமல் உழைத்த உழைப்பையும், கண் விழித்ததையும், சிந்திய வியர்வையையும் மட்டும் இங்கே கொண்டுவந்து காட்ட இயலவில்லை என்றும் சொன்னார்.

ஒருவர்கூட எதிராக வாக்களிக்கவில்லை. அவர் விடுதலையானார்.

இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது மாயம் அல்ல, உழைப்பு. உழைப்பைக் கண்ணால் பார்க்க மறுத்தவர்கள் அதற்கு மாயம் என்று பெயர் வைத்தார்கள். பிறர் முன்னேறினால் 'என்ன வசியம் செய்தானோ' என்று கேட்கும் பழக்கம் அன்றும் இருந்தது. இன்றும் போய்விடவில்லை.

கணக்கைக் காட்டிய கணவர்

இன்னொரு வழக்கு. கி.பி. 158 அல்லது 159ஆம் ஆண்டு. இடம் வட ஆப்பிரிக்காவின் சப்ராத்தா நகரம். அது இன்றைய லிபியாவில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அபுலேயுஸ் என்ற எழுத்தாளர். அவர் புதெந்தில்லா என்ற செல்வம் மிக்க விதவைப் பெண்ணை மணந்தார். அம்மையார் வயதில் மூத்தவர். பல ஆண்டுகள் மறுமணம் செய்யாமல் இருந்தவர். அவரைப் பாட்டாலும் மருந்தாலும் வசியம் செய்து அபுலேயுஸ் மணந்து கொண்டார் என்று அம்மையாரின் முதல் கணவர் வழி உறவினர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று அம்மையாரே எழுதிய கடிதம். 'அபுலேயுஸ் மந்திரவாதி' என்று அவரே எழுதியிருக்கிறார் பாருங்கள் என்றார்கள். அபுலேயுஸ் அந்தக் கடிதத்தை முழுமையாகப் படிக்கச் சொன்னார். படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. கெட்ட எண்ணம் கொண்டவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் அபுலேயுஸ் மந்திரவாதி என்று சொல்லத் தொடங்கினாய் என்று அம்மையார் தம் மகனைக் கண்டித்து எழுதிய கடிதம் அது. ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுத்துப் பொருளையே தலைகீழாக்கி விட்டார்கள்.

அடுத்து அவர் கணக்கைத் திறந்தார். புதெந்தில்லாவின் சொத்து 40 லட்சம் செஸ்டர்ஸ். திருமணத்திற்கு எழுதப்பட்ட சீதனம் 3 லட்சம் மட்டுமே. அதுவும் குழந்தையின்றி அம்மையார் இறந்தால் அவருடைய முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கே திரும்பிப் போகும் என்ற நிபந்தனையோடு. உயிலிலும் மகனே வாரிசு. இதைக் காட்டிவிட்டு அபுலேயுஸ் கேட்டது ஒன்றே ஒன்று. வசியம் செய்து எனக்குக் கிடைத்த இலாபம்தான் என்ன?

அந்தத் தற்காப்பு உரை நூலாக இன்றும் இருக்கிறது. வழக்குக்குப் பிறகு அவர் கார்த்தேஜ் நகரில் புகழ்பெற்ற பேச்சாளராக வாழ்ந்தார்.

இந்த இரு வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மயக்கம் என்ற பழியிலிருந்து தப்பியவர்கள் எதிர்மந்திரம் சொல்லித் தப்பவில்லை. ஒருவர் கருவிகளைக் காட்டினார். மற்றவர் கணக்கைக் காட்டினார். உழைப்பு எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தபோது மயக்கம் தானாகவே கலைந்தது.

பின்னாளில் சட்டமும் இந்த வழிக்கு வந்தது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஒரு சட்டம் இயற்றினார். பிறர் உயிருக்குக் கேடு விளைவிக்கவும், ஒழுக்கமுள்ளவர் மனத்தைக் கெடுக்கவும் மந்திரம் செய்தால் தண்டனை. நோய் தீர்க்கவும், மழையிலிருந்தும் ஆலங்கட்டியிலிருந்தும் விளைச்சலைக் காக்கவும் செய்தால் குற்றமில்லை. பாடினாயா என்று அச்சட்டம் கேட்கவில்லை. யாருக்காக, எதற்காகப் பாடினாய் என்று கேட்டது.

நின்றுபோன இசைத்தட்டு

காலம் ஓடியது. அச்சம் தேய்ந்தது. மந்திரப் பாட்டின் பெயர் மெல்ல மெல்ல அழகின் பெயரானது. இன்று இத்தாலியில் கண்ணைக் கவரும் ஊர் 'இன்கான்தேவோலே'. ஏதோ ஒன்று திடீரென்று நடந்தால் 'இன்கான்தோவால் நடந்தது போல' என்பார்கள்.

ஆனாலும் பழைய எச்சரிக்கை அந்தச் சொல்லை விட்டு முற்றிலும் நீங்கவில்லை. வேலை நடுவே வாய் பிளந்து நிற்பவரை, இன்கான்தோ பிடித்தவர் என்பார்கள். ஓடிக் கொண்டிருக்கும் இயந்திரம் சிக்கி நின்றால் அதற்கும் இதே சொல். இசைத்தட்டில் கீறல் விழுந்து ஒரே வரி திரும்பத் திரும்ப ஒலித்தால், தட்டு மயங்கிவிட்டது என்பார்கள். சர்க்கரையாகப் பேசி ஏமாற்ற வருபவரைப் பார்த்து, 'நீ என்னை இன்கான்தோ செய்ய முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். மயங்குவது இனிமைதான். ஆனால் மயங்கியவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார் என்பதை மொழி மறக்கவில்லை.

அந்நாட்டின் தென்பகுதியில் லுகானியா என்ற வறண்ட மலைப்பகுதி உண்டு. எர்னெஸ்தோ தெ மார்தினோ என்ற ஆய்வாளர் 1950களில் அங்கே சிற்றூர் சிற்றூராகச் சென்றார். 1959ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். தலைவலி, சோர்வு, காரணமில்லாத மயக்கம் என்று வருபவர்களுக்குக் கண்ணேறு பட்டிருக்கிறது என்று கூறி, மூதாட்டிகள் மந்திர வாசகம் முணுமுணுத்ததை அவர் பதிவு செய்தார். அவர் அந்த மக்களை எள்ளி நகையாடவில்லை. வறுமையும் நோயும் குழந்தைச் சாவும் சூழ்ந்த வாழ்க்கையில், மனம் உடைந்து போகாமல் நிற்க அந்த வாசகம் ஒரு பிடிமானமாக இருந்தது என்று விளக்கினார். தாயின் தாலாட்டு குழந்தையின் காய்ச்சலைக் குறைக்காது. ஆனாலும் எந்தத் தாயும் பாடாமல் இருப்பதில்லை அல்லவா?

எவ்வளவு என்று கேட்ட சொல்

இனி அந்த இரண்டாவது இன்கான்தோவுக்கு வருவோம். ஏலம் என்னும் பொருள் தரும் இன்கான்தோவுக்கும் பாட்டுக்கும் உறவே கிடையாது. அது இடைக்கால இலத்தீனில் 'இன் குவான்தும்' என்ற தொடரிலிருந்து வந்தது. 'எவ்வளவுக்கு?' என்பதே அதன் பொருள். ஏலம் விடுபவர் கூட்டத்தைப் பார்த்து எவ்வளவுக்கு, எவ்வளவுக்கு என்று கூவினார். அந்தக் கூவலே ஏலத்தின் பெயராகிவிட்டது. பிரெஞ்சு மொழியில் ஏலத்தைக் குறிக்கும் 'ஆன்கான்' என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான்.

வெனிஸ் நகரம் கடல் வாணிகத்தில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இந்தச் சொல்லுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. 14ஆம் நூற்றாண்டு தொடங்கி, அரசுக்குச் சொந்தமான வாணிகக் கப்பல்களை ஒவ்வொரு பயணத்துக்கும் ஏலம் விட்டார்கள். அதிக விலை கேட்ட பிரபு அந்தப் பயணத்துக்குக் கப்பலை எடுத்து நடத்தினார். அலெக்சாண்டிரியாவுக்கும் பெய்ரூத்துக்கும் சென்று மிளகும் இதர நறுமணப் பொருளும் ஏற்றி வந்த கப்பல்கள் இப்படித்தான் இன்கான்தோவில் எடுக்கப்பட்டன.

இரு வேறு வேர்கள் ஒரே சொல்லாக வந்து நிற்பது தமிழருக்குப் புதிதல்ல. பாயசத்தில் போடும் ஏலமும் ஏலம்தான். பொருளைக் கூவி விற்கும் ஏலமும் ஏலம்தான். முன்னது செடி. பின்னது போர்ச்சுகீசியர் கொண்டுவந்த 'லெய்லாவ்' என்ற சொல்லின் தமிழ் வடிவம். அதே சொல்தான் மலாய் மொழியில் 'லேலோங்' ஆகிக் கடைவீதிப் பலகைகளில் இன்றும் தொங்குகிறது.

ஒரு பொற்காசும் ஒரு புட்டியும்

மயக்கமும் விலையும் சந்தித்தால் என்ன ஆகும்? இத்தாலியரே அதை ஓர் இசை நாடகமாக்கிக் காட்டினார்கள். தொனிசெத்தி இசையமைத்த 'காதல் மருந்து' என்ற நாடகம் 1832ஆம் ஆண்டு மே மாதம் மிலான் நகரில் அரங்கேறியது.

நெமொரீனோ என்ற ஏழை இளைஞன். அதீனா என்ற நிலக்கிழார்ப் பெண்ணை விரும்புகிறான். அவளோ கண்டுகொள்வதில்லை. ஊருக்குத் துல்கமாரா என்ற போலி மருத்துவன் வருகிறான். சகல நோய்க்கும் மருந்து உண்டு என்று வாய் ஓயாமல் முழங்குகிறான். இத்தகைய ஆட்களை இத்தாலியர் 'சார்லத்தானோ' என்பார்கள். ஆங்கிலத்துக்கும் அந்தச் சொல் அங்கிருந்துதான் போனது. வசிய மருந்து கிடைக்குமா என்று இளைஞன் கேட்கிறான். கிடைக்கும் என்கிறான் துல்கமாரா. விலை? இளைஞனிடம் இருப்பது ஒரே ஒரு பொற்காசு. அதுதான் விலை! புட்டியில் இருப்பதோ வெறும் திராட்சை மது. ஒரு நாள் கழித்துத்தான் வேலை செய்யும் என்று சொல்லி விற்கிறான். அதற்குள் ஊரைவிட்டுப் போய்விடலாம் அல்லவா?

முதல் புட்டி பலிக்கவில்லை. இரண்டாவது புட்டிக்குக் காசு இல்லை. நெமொரீனோ என்ன செய்தான் தெரியுமா? 20 வெள்ளிக்காசுக்காகப் படையில் சேரக் கையொப்பம் போட்டான். ஒரு புட்டி மதுவுக்காகத் தன்னையே விற்றுக் கொண்டான். கடைசியில் அதீனாவின் மனத்தை மாற்றியது மருந்து அல்ல. அவள் தானே பணம் கொடுத்து அவனுடைய படை ஒப்பந்தத்தை மீட்டு வருகிறாள். அவனுடைய உண்மை அன்புதான் அவளை வென்றது. ஆனால் ஊரார் மருந்துதான் வென்றது என்று நம்பி வாங்கிக் குவிக்கிறார்கள். துல்கமாரா மகிழ்ச்சியோடு வண்டி ஏறுகிறான்.

நாடகத்தில் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வீட்டில் நடந்தால் சிரிக்க முடியுமா? குரல் மாறியிருக்கிறது, மேடை மாறியிருக்கிறது, துல்கமாரா மாறவில்லை. தொலைபேசியில் தேன் ஒழுகப் பேசி, மூன்றே மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்கிறான். ஒரு பாட்டியின் ஆயுட்காலச் சேமிப்பு ஒரே பிற்பகலில் கரைந்து விடுகிறது. கடன் வாங்கிக் கொடுத்தவரின் வீடு ஏலத்துக்கு வருகிறது. முதல் இன்கான்தோவில் தொடங்கியது இரண்டாவது இன்கான்தோவில் போய் முடிகிறது.

கேட்க வேண்டிய கேள்வி

அப்படியானால் மயங்கவே கூடாதா? பாட்டைக் கேட்கக் கூடாதா? கடலைப் பார்த்து நிற்கக் கூடாதா? அப்படியில்லை. மயங்கத் தெரியாத மனம் வறண்ட மனம். அந்தி வானம் காசு கேட்பதில்லை. தாலாட்டுக்குக் கட்டணம் இல்லை. அங்கெல்லாம் மனம் விட்டு மயங்கலாம்.

ஆனால் ஒரு குரல் இனிக்க இனிக்கப் பேசி, பேச்சின் முடிவில் கையொப்பம் கேட்டால், கடவு எண் கேட்டால், வாக்குக் கேட்டால், அங்கே அந்த இரண்டாவது இன்கான்தோவை நினைத்துக் கொள்ள வேண்டும். 'இன் குவான்தும்?' எவ்வளவுக்கு? இதில் என் பங்கு எவ்வளவு, உன் இலாபம் எவ்வளவு? நல்லவர் கேள்வியைக் கண்டு அஞ்ச மாட்டார். கிரேசிமுஸ் தம் மண்வெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அபுலேயுஸ் தம் கணக்கை விரித்துக் காட்டினார். துல்கமாரா மட்டும்தான் வண்டியைப் பூட்டச் சொல்வான்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வார இறுதியில் அவர்களோடு உட்கார்ந்து இந்தக் கதைகளைச் சொல்லுங்கள். இனிய குரல் ஒன்று அவர்களைத் தேடி வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து "எவ்வளவு?" என்று கேட்க ஒருவர் இருக்கட்டும்.